மகளைப் பறிகொடுத்த டாக்டர்

1966-ம் ஆண்டு. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரம். 11 வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஆஸ்துமா இழுப்பு கடுமையாகி மூச்சு நின்றது.

அவள் தகப்பனார் யார் தெரியுமா? மூச்சு நின்றவர் வாயில் வாய் வைத்து ஊதிப் பிழைக்க வைக்கலாம் என்று உலகுக்கு எடுத்துக் காட்டியவர்களில் ஒருவரான டாக்டர் பீட்டர் சபார்!

வியன்னாவில் 1924-ல் பிறந்தவர். 1950-களில் பால்டிமோர் ஆஸ்பத்திரியில் அவர் செய்த சோதனை நெஞ்சைப் பதற வைக்கும். தாமாக முன்வந்தவர்களுக்கு மருந்து கொடுத்து, மூச்சு விட முடியாமல் செய்தார். பிறகு, வைத்தியம் படிக்காத சாதாரண ஆட்களை ஊதச் சொன்னார். தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி ஊதினால் நெஞ்சு மேலெழும்பியது!

அந்த மகளின் இதயமும் மறுபடி துடிக்கத்தான் செய்தது. ஆனால் மூளை விழிக்கவில்லை. கண் திறக்காமலே போய்விட்டாள்.

அப்போது அந்த நகரில் நோயாளிகளைப் பெரும்பாலும் போலீஸ் வண்டியில்தான் ஏற்றிச் செல்வார்கள். வழியில் கவனிக்க ஆள் கிடையாது. 1967-ல் 'பிரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் தொடங்கியது. வேலையில்லாத கறுப்பின இளைஞர்களுக்குச் சபார் பயிற்சி தந்தார். படிப்பைப் பாதியில் விட்டவர்களும் அவர்களில் உண்டு. ஓடும் வண்டியிலேயே அவர்கள் உயிர் காத்தார்கள்.

1975-ல் நகர நிர்வாகம் சொந்த ஆம்புலன்ஸ் ஏற்படுத்தியது. பிரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. நன்றி கெட்ட காரியம்தான்!

சபார் ஓயவில்லை. இதயத்தோடு மூளையையும் மீட்பது எப்படி என்று ஆராய 1979-ல் ஒரு நிலையம் அமைத்தார். 2003-ல் காலமானார்.