கணினி விஞ்ஞானமும் செயல்வழிக் கல்வியும்

கணினியை இயக்கப் பழகுதல் வேறு. கணினி விஞ்ஞானத்தை அறிதல் வேறு. எழுதுகோல் பிடிக்கப் பழகிய அளவில் ஒருவன் இலக்கணம் கற்றவன் ஆகான். இவ்வேறுபாடு கல்வியுலகில் நெடுங்காலம் போதிய அளவு உணரப்படவில்லை. கடிதம் அச்சிடுதல், அட்டவணை அமைத்தல், படம் வரைதல் முதலியவற்றுக்குரிய செய்நிரல்களைக் கையாளும் பயிற்சியே கணினிக் கல்வி எனப் பலரும் கருதினர். அச்செய்நிரல்கள் சில ஆண்டுகளில் மாறிவிடுகின்றன; அவற்றோடு மாணாக்கர் பெற்ற பயிற்சியும் பழமைப்பட்டு விடுகின்றது. மாறாது நிற்பன அவற்றுக்கு அடிப்படையாயுள்ள கருத்துக்களே. அக்கருத்துக்களை இடைநிலை வகுப்பு மாணாக்கர்க்கு எவ்வாறு உணர்த்தலாம் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இத்துறையில் முன்னின்று உழைத்தோர் மூவர். ஒருவர் நியூசீலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரிலுள்ள கன்ரபரிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரிம் பெல். ஏனையோர் இயன் விற்றன், மைக்கல் பெலோஸ் என்போர். மின்தொடர்பின்றிக் கணினி விஞ்ஞானம் கற்பித்தலைக் குறிக்கும் பெயரோடு அவர்கள் தொகுத்த பயிற்சிகள் 1998ஆம் ஆண்டில் நூலுருப் பெற்றன. அட்டை, கயிறு, வெண்கட்டி, தராசு ஆகிய எளிய பொருள்களே அவற்றுக்குப் போதும், கணினி வேண்டுவதில்லை. அவற்றுட் சிலவற்றை நோக்குவாம்.

முதலாவது துவித எண்களைப் பற்றியது. ஐந்து அட்டைகளில் முறையே 16, 8, 4, 2, 1 எனப் புள்ளிகள் இடப்படுகின்றன. ஐந்து மாணாக்கர் அவற்றை ஏந்தி நிற்பர். ஆசிரியர் ஓர் எண்ணைக் கூற, அதற்கு வேண்டிய அட்டைகள் மாத்திரம் புள்ளி தோன்றத் திருப்பப்படும். 21 என்றால் 16, 4, 1 ஆகியன தோன்றும். ஏனைய இரண்டும் மறையும். தோன்றுவதை 1 என்றும் மறைவதை 0 என்றும் எழுதின் 10101 என வரும். ஐந்து அட்டைகளால் 31 வரை எண்ணலாம். ஆறாவதாக 32 புள்ளிகள் கொண்ட அட்டையொன்று சேரின் 63 வரை எண்ணலாம். ஓர் அட்டை கூடுந்தோறும் எண்களின் தொகை இருமடங்காதலை மாணாக்கர் தாமே கண்டறிவர்.

இரண்டாவது பயிற்சி பிழை காணுதல் பற்றியது. ஒருபுறம் கறுப்பும் மறுபுறம் வெள்ளையுமான 25 அட்டைகளை ஐந்து நிரைகளிலும் ஐந்து நிரல்களிலும் தன் விருப்பப்படி ஒரு மாணாக்கன் பரப்புகின்றான். ஆசிரியர் ஆறாவது நிரையையும் ஆறாவது நிரலையும் சேர்த்து, எங்கும் கறுப்பு முகங்களின் தொகை இரட்டையெண் ஆகுமாறு செய்கின்றார். பின்பு அவர் முகந்திருப்பி நிற்க, மாணாக்கன் ஓர் அட்டையைப் புரட்டுகின்றான். திரும்பிய ஆசிரியர் உடனே அதனைச் சுட்டுகின்றார். இது மாயவித்தையன்று. கறுப்பின் தொகை ஒற்றையெண்ணான நிரையும் நிரலும் சந்திக்கும் இடமே புரட்டப்பட்ட அட்டை. செய்தி அனுப்பும்போது நேரும் பிழையைப் பொறி அறிவதும் இத்தகைய மிகைக் குறியீடுகளாலேயாம். பிழையைத் தானே திருத்தவல்ல குறியீடுகளைப் பற்றி றிச்சட் ஹமிங் 1950ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை இத்துறைக்கு அடிகோலிற்று. நூல்களின் பின்னட்டையில் அச்சிடப்படும் 13 இலக்க எண்ணின் இறுதி இலக்கமும் பிழை காட்டும் பொருட்டே அமைந்தது.

இவை சிறு பிள்ளைகளுக்குரிய விளையாட்டுக்கள் அல்லவோ என ஐயுறுவார் உளர். ஆசிரியர் அத்துடன் நிறுத்துவாராயின் அவ்வையம் தகுந்ததே. ஆனால், இரண்டு அட்டைகள் புரட்டப்படின் என்னாகும் என்று வினவுக. பிழை உண்டென்பது புலனாகும். இன்ன அட்டைகள் என்று துணிய முடியாது. செவ்வகமொன்றின் நான்கு மூலைகளிலும் உள்ள அட்டைகள் புரட்டப்படின் பிழை உண்டென்பதே புலனாகாது. ஏன் என்று நிறுவும் மாணாக்கன் கணிதத்தின் வாயிலில் நிற்கின்றான்.

மூன்றாவது பயிற்சி வரிசைப்படுத்தல். உருவில் ஒத்தும் எடையில் வேறுபட்டும் உள்ள எட்டுப் பொருள்களைத் தராசு ஒன்றினால் மாத்திரம் எடை வரிசையில் அடுக்கல் வேண்டும். ஒவ்வொரு முறையும் எஞ்சியவற்றுள் மிக இலேசானதைத் தேடின் 28 ஒப்பீடுகள் வேண்டும். இவ்விரண்டாக அடுக்கி, அவ்வடுக்குகளைப் படிப்படியாக இணைத்துச் செல்லின் 17க்கு மேல் வேண்டா. வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். பொருள்கள் 64 ஆயின் முன்னைய முறைக்கு 2016 ஒப்பீடுகள். பின்னையதற்கு 321க்கு மேல் இல்லை. விரைவான பொறியினும் சிறந்த வழிமுறை மேலானது என்னும் உண்மையைத் தராசு தூக்கிய கை மறவாது.

எனினும் செயல் தானாகவே அறிவாகி விடாது. இஸ்ரேல் நாட்டில் இத்தகைய பயிற்சிகளைப் பெற்ற மாணாக்கரை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அவர்கள் கணினிப் பொறியையே இவ்விஞ்ஞானத்தின் சாரமாகத் தொடர்ந்தும் கருதினர் எனக் காட்டியது. பயிற்சிக்கும் கருத்துக்கும் உள்ள தொடர்பு வெளிப்படையாகக் கூறப்படாமையே குறை. ஆதலின் ஆசிரியர் மாணாக்கரை முதலில் ஊகிக்கச் செய்து, பின் செய்யவிட்டு, கண்டதைச் சொல்லால் வரையறுக்கவும் காரணம் காட்டவும் தூண்டல் வேண்டும். ஈற்றில் அதே வழிமுறையைச் செய்நிரலாக எழுதுவித்தலும் வேண்டும். பொறியின்றித் தொடங்குதல் பொறியை விலக்குதற்கன்று. அதனை அறிவோடு அணுகுதற்கே.

கணினிகள் போதாத பாடசாலை இவ்விஞ்ஞானத்தைக் கற்பிக்க இயலாதெனக் கைவிட வேண்டுவதில்லை. கணினிகள் நிறைந்த பாடசாலை, அவை உள்ளமையாலேயே கற்பித்துவிட்டதாக மகிழ்தற்கும் இடமில்லை. இரண்டிலும் வேண்டப்படுவது, விடையை உடனே கூறாது, வினாவை மாணாக்கன் கையிற் கொடுத்துப் பொறுத்திருக்கும் ஆசிரியரே.