டேவிஸ் விவசாயக் கலாசாலையின் வனபோஜன நாள்

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா ராஜ்யத்தில் டேவிஸ் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள கலாசாலையில் வருஷந்தோறும் வசந்த காலத்தில் நடைபெறும் ‘பிக்னிக் நாள்’ என்ற வைபவம், ஒரு மாட்டுத் தொழுவத்தைக் காட்டுவதற்காகத் தொடங்கியதாகும்.

அந்த ராஜ்ய விவசாய சங்கத்தின் காரியதரிசியாயிருந்த பீட்டர் ஷீல்ட்ஸ் என்பவர், வெண்ணெயின் தரத்தை மதிப்பிடக் கற்பதற்குக் கூடத் தம் நாட்டு வாலிபர்கள் வெகு தூரத்திலுள்ள பென்சில்வேனியாவுக்குப் போக வேண்டியிருப்பதை அறிந்து வருந்தினார். அவர் முதலானோரின் முயற்சியால் 1905-ல் சட்டம் இயற்றப்பட்டு, 1,50,000 டாலர் ஒதுக்கப்பட்டது. மறு வருஷம் டேவிஸில் சுமார் 780 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டு, சர்வகலாசாலையின் பண்ணை நிறுவப்பட்டது.

பண்ணை ஏற்பட்டதால் மட்டும் குடியானவர்களுக்கு அதில் நம்பிக்கை பிறந்துவிடுவதில்லை. புத்தகம் படித்தவர்கள் உழவைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்ற எண்ணம் எந்த நாட்டிலும் உண்டு. ஆகவே 1909 மே மாதத்தில், புதிதாகக் கட்டிய பால்மாட்டுத் தொழுவத்தை வந்து பார்க்கும்படி சுற்றுவட்டாரத்தார் அழைக்கப்பட்டனர். சுமார் 2,000 பேர் கட்டுச்சோற்றுடன் வந்து சேர்ந்தனர். காப்பியும், சர்க்கரையும், பாலேடும் பண்ணையார் தந்தனர். கூட்டம் இவ்வளவு திரண்டதைக் கண்டு, ஆசிரியர்கள் அதனை ஆண்டு விழாவாக்கினர். 1912 முதல் ஏற்பாட்டுப் பொறுப்பு மாணாக்கர் குழுவின் கைக்கு மாறியது.

இவ்விழா தடைப்பட்ட வருஷங்களில் 1924-ஆம் வருஷமே கால்நடை வைத்திருப்போர் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. அவ்வருஷம் பிப்ரவரியில் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவை அடுத்த பகுதிகளில் கோமாரி என்னும் காணை நோய் தோன்றிற்று. நோயுற்ற மாட்டின் எச்சில், பால், சாணம் ஆகியவற்றில் அதன் கிருமி வெளிப்படும். மனிதனின் செருப்பு, வண்டிச் சக்கரம், வைக்கோல் ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டு மற்றொரு தொழுவத்தை அடையும். பயன்படுத்தத்தக்க தடுப்பூசி அக்காலத்தில் இல்லாமையால், நோய் கண்ட மந்தைகளை அடியோடு கொன்று புதைப்பதே வழியாயிற்று. லட்சத்துக்கு மேற்பட்ட மாடு, ஆடு, பன்றிகள் இவ்வாறு அழிந்தன. உடையவர்களுக்குச் சர்க்கார் நஷ்டஈடு அளித்தது. நோய் காட்டிலும் பரவியதால் சுமார் 22,000 மான்களும் கொல்லப்பட்டன. பல பண்ணைகளிலிருந்து வருவோர் ஒரே தொழுவத்தை மிதித்துவிட்டுத் தத்தம் மாடுகளிடம் திரும்பும் நாள் அல்லவா அது! விழா நிறுத்தப்பட்டது. மாணாக்கர்களுக்கு ஏமாற்றம் இருந்திருக்கலாம். ஆயினும் மாட்டுச் சந்தை நடத்தும் எந்த ஊர் அதிகாரியும் அம்முடிவைக் குறை கூறமாட்டார்.

1938-ல் உடற்பயிற்சிச் சாலைக் கட்டடம் தாமதமானதாலும், 1943 முதல் 1945 வரை ராணுவச் செய்திப் படையினர் கலாசாலையில் தங்கியதாலும் விழா நடைபெறவில்லை. கொரோனா நோய் பரவிய 2020, 2021 வருஷங்களிலும் ஜனங்கள் நேரில் கூடவில்லை.

1959 முதல் டேவிஸ் பல துறைகளையும் போதிக்கும் சர்வகலாசாலையாய் வளர்ந்திருப்பதால், விழாவில் ஊர்வலமும், வாத்திய கோஷ்டிகளும், குட்டைக் கால் நாய்களின் ஓட்டப் பந்தயமும் சேர்ந்துவிட்டன. எனினும் கால்நடைப் பகுதியில் கூட்டம் குறைவதில்லை. விலாவில் துவாரம் செய்து மூடி பொருத்திய பசு ஒன்று அங்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. நீண்ட கையுறை அணிந்து அதன் வயிற்றுக்குள் கைவிட்டு, தின்ற புல் எவ்விதம் நொதிக்கிறது என்பதைப் பார்வையாளர் தாமே தொட்டு அறிவர். வரிசையில் முதலில் நிற்பவர்கள் பெரும்பாலும் சிறுவர்களே.