ஊசிக்கு அஞ்சிய ஊரும், உரிய காலத்தில் ஊசி பெறாத குழந்தைகளும்

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில், புதுவை மாநிலம் வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கோனேரிக்குப்பம் என்னும் சிற்றூரில் எடுக்கப்பட்ட காட்சியொன்று நாடெங்கும் பரவியது. கொரோனா தடுப்பூசி போடச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்தபோது, நடுவயது மனிதர் ஒருவர் மரத்தின்மீது ஏறிக்கொண்டார். கீழே நின்றவர்கள் எவ்வளவோ கெஞ்சியும் அவர் இறங்க மறுத்தார். அதே ஊரில் பெண்மணி ஒருவர், ஊசியைக் கண்டதும் சாமி வந்தவர்போல் ஆடத் தொடங்கினார். கண்டவர்கள் சிரித்தார்கள், கைப்பேசிகளில் அடுத்தவருக்கு அனுப்பியும் வைத்தார்கள்.

சிரித்து முடித்தவர்கள், அந்த மனிதர் ஏன் மரமேறினார் என்று எண்ணிப் பார்த்தார்களா? அச்சம் அவருக்கு எங்கிருந்து வந்தது? ஊசியிடமிருந்தா, அல்லது ஊசியோடு சேர்ந்து வந்த சட்டத்திடமிருந்தா?

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், டிசம்பர் முதல் வாரத்தில், புதுவை அரசின் சுகாதாரத் துறை ஓர் ஆணை பிறப்பித்திருந்தது. 1973ஆம் ஆண்டின் புதுச்சேரிப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் 8ஆம் பிரிவையும் 54(1)ஆம் பிரிவையும் துணைக்கொண்டு, கொரோனா தடுப்பூசியை அனைவருக்கும் கட்டாயமாக்கிய ஆணை அது. மீறுவோர்மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலேயே இவ்வாறு கட்டாயமாக்கிய முதல் மாநிலம் புதுவை என்று செய்தித்தாள்கள் எழுதின. அரசின் நோக்கம் நல்லதே என்பதில் நமக்கு ஐயமில்லை. இரண்டாம் அலையில் மூச்சுக்காற்றுக்குத் தவித்தவர்களைக் கண்ட எந்த அரசும் மூன்றாவதற்கு அஞ்சத்தான் செய்யும். எனினும், நோக்கம் நல்லதாக இருப்பது வேறு. வாசலில் வந்து நிற்கும் சீருடையைக் கண்டு குடியானவர் மனத்தில் எழும் எண்ணம் வேறு.

இவ்வழக்கு ஒரு குழந்தை மருத்துவரால் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது குறிப்பிடத்தக்கது. மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில், நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், பி.ஆர். கவாய் ஆகியோர் 2022 மே 2ஆம் நாள் தீர்ப்பளித்தனர். ஒருவர் தம் உடல்மீது கொண்டுள்ள உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கியது. எனவே எவரையும் வற்புறுத்தி ஊசி போட இயலாது என்றனர். அதே வேளையில், தடுப்பூசிக் கொள்கை தான்தோன்றித்தனமானது என்று கூற முடியாது என்றும், பொதுமக்கள் நலனுக்காக அளவான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்றும், குழந்தைகளுக்கு ஊசி போடும் முடிவு உலக நடைமுறையோடு ஒத்ததே என்றும் கூறினர். குழந்தைகளுக்கான தடுப்பூசிச் சோதனைகளின் முடிவுகளை மக்கள் அறிய வெளியிடுமாறும் பணித்தனர். கட்டாயம் வேண்டாம், விளக்கம் வேண்டும் என்பதே இத்தீர்ப்பில் நாம் காணும் பொருள்.

நகரத்தில் அமர்ந்து சட்டம் பேசுவது எளிது. புதுவையின் கிராமப் பகுதியில் சட்டம் எவ்வாறு உலவுகிறது என்பதைக் காண, கடலூர்ச் சாலையில் தவளக்குப்பம் வரை சென்று அபிஷேகப்பாக்கத்திற்குத் திரும்ப வேண்டும். அபிஷேகப்பாக்கம் புதுவை மாநிலம். அதன் பக்கத்திலேயே, நரசிம்மர் கோயிலால் பெயர் பெற்ற சிங்கிரிகுடி தமிழகத்தின் கடலூர் மாவட்டம். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அன்று பங்கிட்டுக்கொண்ட நிலம் இன்றும் அப்படியே துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஓர் ஊருக்கு 1973ஆம் ஆண்டின் புதுவைச் சட்டம்; அடுத்த ஊருக்கு 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். 2020ஆம் ஆண்டு எல்லைகள் அடைக்கப்பட்டபோது, பெண் கொடுத்தவரும் எடுத்தவரும் ஒரே வயல்வரப்பின் இரு பக்கங்களில் நின்றனர். நம் கோட்டக்குப்பத்து மக்கள் முத்தியால்பேட்டைக்கு வர இயலாமல் தவித்ததும் இதே காரணத்தால்தான். கிருமிக்கு இந்த எல்லைகள் தெரியாது. காய்ச்சல் கண்ட பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும் தாய்க்கோ தடுப்புக் கட்டை தெரியும்.

வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்று உறுதியானால், வாசலில் அறிவிப்பு ஒட்டுவதும் தெருவைத் தகரத்தால் அடைப்பதும் அன்றைய நடைமுறைகள். உரிய அதிகாரியின் ஆணையின்றி நோயாளிகளின் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டக்கூடாது என்று 2020 டிசம்பர் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கூறிற்று. அதற்குள் எத்தனையோ வீடுகள் ஊராரால் ஒதுக்கப்பட்டுவிட்டன. தினக்கூலிக்குச் செல்லும் தகப்பன், பிள்ளையின் காய்ச்சலை வெளியே சொன்னால் பதினான்கு நாள் கூலி போகும் என்று கணக்கிட்டான். 'சாதாரணச் சளிதான்' என்று தாய் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். விதி கடுமையாகக் கடுமையாக நோய் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டது.

நம் சமுதாயத்துக்கு இதில் கூடுதலான ஒரு கசப்பும் உண்டு. 2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுத்தீனில் நடந்த தப்லீக் கூட்டத்தைச் சாக்கிட்டு, நோயையே நம் தலையில் கட்டிய ஊடகங்களை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 21ஆம் நாள் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டுத் தப்லீக் அன்பர்கள்மீது தொடரப்பட்ட வழக்குகளைத் தள்ளுபடி செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டனர் என்று கருத்துரைத்தது. ஆயினும் அந்த ஏப்ரலில், தொப்பி அணிந்தவர் தும்மினால் விலகி நின்ற காலத்தில், பரிசோதனைக்குச் செல்ல அஞ்சிய குடும்பங்கள் எத்தனையோ! பழி சுமத்துவது சுகாதார நடவடிக்கை ஆகாது. நோயைத் தேடிச் செல்வோருக்கு அது கதவை அடைத்துவிடுகிறது.

சரி, அந்த மூடிய கதவுகளுக்குள் குழந்தைகள் எவ்வாறு இருந்தார்கள்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 ஜூன், ஜூலை மாதங்களில் நாடு தழுவிய நான்காம் இரத்த ஆய்வை நடத்தியது. 6 முதல் 9 வயதுடைய சிறார்களுள் 57.2 விழுக்காட்டினருக்கும், 10 முதல் 17 வயதுடையோருள் 61.6 விழுக்காட்டினருக்கும் கொரோனாவுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் இருந்தது. அக்காலத்தில் அவர்களுக்குத் தடுப்பூசியே இல்லை. பள்ளிகளும் பெரும்பாலும் மூடியே கிடந்தன. அதாவது, பள்ளிக்கூடத்தைப் பூட்டியும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளை நோய் தொட்டுவிட்டது. இறைவன் அருளால் அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு அது இலேசான காய்ச்சலாகவே கழிந்தது. அதே ஜூலையில், கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பலர் சேர்க்கப்பட்ட செய்தி வந்தபோது, 'மூன்றாம் அலை பிள்ளைகளைத்தான் தாக்கும்' என்ற வதந்தி புதுவையெங்கும் தீயாய்ப் பரவியது. அந்த வதந்தி மெய்யாகவில்லை.

ஆனால் சிறு எண்ணிக்கையினருக்கு வேறொரு ஆபத்து இருந்தது. தொற்று வந்து போன இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குப் பின், விடாத காய்ச்சல், உடலில் தடிப்பு, கண் சிவத்தல், வயிற்றுவலி, வாந்தி எனத் தொடங்கி இதயத்தையே தாக்கக்கூடிய பல்லுறுப்பு அழற்சி நோய் அது. 2020 ஏப்ரல் இறுதியில் இங்கிலாந்து மருத்துவர்கள் இதுபற்றி எச்சரித்தனர். உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைந்தால் இம்யூனோகுளோபுலின், ஸ்டீராய்டு மருந்துகளால் பெரும்பாலான பிள்ளைகளைக் காப்பாற்ற முடிந்தது. உரிய நேரத்தில் அடைவதற்குத்தான், 'முன்பு வீட்டில் யாருக்கேனும் காய்ச்சல் வந்ததா?' என்ற மருத்துவரின் கேள்விக்கு அச்சமின்றி உண்மை சொல்லும் தாய் வேண்டும். மறைத்த காய்ச்சலின் விலை அங்கேதான் தெரிந்தது.

இதனினும் பெரிய விலை ஒன்று உண்டு. அது செய்திகளில் அதிகம் பேசப்படவில்லை.

ஊரடங்கின் முதல் மாதங்களில் குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசி முகாம்கள் பல இடங்களில் நின்றன. செவிலியர்கள் கொரோனாப் பணிக்குச் சென்றனர். பேருந்தும் இல்லை, வெளியே வர அனுமதியும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் வெளியிட்ட கணக்கின்படி, முத்தடுப்பு ஊசியின் முதல் தவணையைக்கூடப் பெறாத இந்தியக் குழந்தைகள் 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 14 இலட்சம். 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 30 இலட்சம். ஒரே ஆண்டில் இரு மடங்குக்கு மேல்! ஒரு நோயைத் தடுக்க வீட்டிலிரு என்று சொன்ன விதி, தொண்டை அடைப்பானையும் கக்குவானையும் தட்டம்மையையும் தடுக்க வீட்டைவிட்டு வா என்று சொல்ல மறந்துவிட்டது.

தட்டம்மை மறக்கவில்லை. கொரோனாவைவிடப் பன்மடங்கு வேகமாகத் தொற்றும் நோய் அது. நூற்றில் 95 குழந்தைகளேனும் ஊசி பெற்றிருந்தால்தான் ஊரில் அது பரவாமல் நிற்கும். 2022ஆம் ஆண்டின் இறுதியில் மும்பையின் கோவண்டிப் பகுதியில் அது வெடித்தது. நெருக்கமான குடிசைகளும், அவற்றுள் பெருந்தொகையான ஏழை முஸ்லிம் குடும்பங்களும் உள்ள பகுதி அது. நகரில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். அதே வேளையில் கேரளத்தின் மலப்புரத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தட்டம்மை கண்டது; அவர்களுள் பெரும்பாலோர் ஊசி பெறாதவர்கள். ராஞ்சி, அகமதாபாத், மலப்புரம் ஆகிய மூன்று இடங்களுக்கும் மத்திய அரசு நிபுணர் குழுக்களை அனுப்பியது.

இங்கே நாம் வேதனையோடு ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எல்லாக் குற்றமும் ஊரடங்கினுடையது அன்று. மலப்புரத்தில் 2016ஆம் ஆண்டிலேயே, பாடப் புத்தகத்தில் மட்டுமே மிஞ்சியிருந்த தொண்டை அடைப்பான் நோய்க்கு வளரிளம் பருவத்தினர் பலியாயினர். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி இயக்கம் நாட்டிலேயே முதற்கட்டமாகத் தொடங்கிய ஐந்து பகுதிகளுள் தமிழகமும் புதுவையும் அடங்கும். அன்று வாட்ஸ்அப்பில் உலவிய பொய்களை நம் வீடுகளிலும் எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்பினர்! 'பிள்ளைப்பேறு இல்லாமல் போகும்' என்னும் பழம் பொய்யும் அவற்றுள் ஒன்று. கோனேரிக்குப்பத்து மரத்தைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை நம்முள் பலருக்கு இல்லை.

அதே பொய், உத்தரப் பிரதேசத்தில் இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்துக்கு எதிராகவும் ஒரு காலத்தில் பரவியிருந்தது. அங்கே அதைக் காவலர்கள் ஒழிக்கவில்லை. ஆலிம்கள் ஜும்ஆ மேடையில் பேசினர். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமிஆ மில்லியா, ஜாமிஆ ஹம்தர்து ஆகியவற்றைச் சேர்ந்தோர் தெருத்தெருவாகச் சென்றனர். அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண்களே கதவைத் தட்டி, 'என் பிள்ளைக்கும் கொடுத்தேன்' என்றனர். 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் இயற்கையாகப் பரவும் இளம்பிள்ளை வாதக் கிருமி எவரையும் முடக்கவில்லை. 2014 மார்ச் 27ஆம் நாள் அதற்குச் சான்றிதழும் கிடைத்தது.

2020ஆம் ஆண்டு ரமலானையும் எண்ணிப் பாருங்கள். பள்ளிவாசலைப் பூட்டித் தராவீஹை வீட்டில் தொழச் சொன்னது நம் உள்ளத்தை எவ்வளவு வருத்தியிருக்கும்! ஆயினும் ஜமாஅத்துகள் சொல்லின, மக்கள் கேட்டனர். கொள்ளைநோய் கண்ட சிரியா நாட்டுக்குள் புகாமல் வழியிலேயே திரும்பிய கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாற்றை ஆலிம்கள் நினைவூட்டியபோது, தடியோ அபராதமோ தேவைப்படவில்லை.

புதுவையில் அதன் பின்னரும் விதிகள் வந்தன. 2022 செப்டம்பரில் பிள்ளைகளிடையே வைரஸ் காய்ச்சல் பரவியபோது 17 முதல் 25ஆம் நாள் வரையிலும், 2023 மார்ச்சில் எச்3என்2 சளிக்காய்ச்சலின்போது 16 முதல் 26ஆம் நாள் வரையிலும், எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. பள்ளியை மூடுவதுதான் அரசுக்கு மிக எளிய விதி. பிள்ளைகள் எதிர்த்து வழக்காட மாட்டார்கள். மரமேறவும் மாட்டார்கள், ஏறினாலும் மாங்காய்க்குத்தான்! ஆனால் பள்ளி மூடினால் மதிய உணவு போகிறது. வேலைக்குச் செல்லும் தாய், காய்ச்சலில் கிடக்கும் சிறியதை எட்டு வயது மூத்ததிடம் ஒப்படைத்துச் செல்கிறாள். காய்ச்சல் கண்ட பிள்ளையை மட்டும் வீட்டில் நிறுத்துமாறு சொல்லி, மூன்றாம் நாளும் தணியாவிட்டால் செவிலியர் தேடி வந்து பார்க்கும் ஏற்பாட்டைச் செய்வது கடினமான விதி, செலவும் அதிகம். என்றாலும் அபிஷேகப்பாக்கம், பாகூர், வில்லியனூர் போன்ற இடங்களில் வீடுதோறும் தெரிந்த முகமாகப் பழகும் செவிலியர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் இருக்கும்போது, அது இயலாத காரியமன்று. கொரோனாக் காலத்தில் பிறந்து, தவணை தவறிய பிள்ளைகளைத் தேடிப் பிடித்தவர்களும் இத்தகைய ஊழியர்கள்தாம். 2022ஆம் ஆண்டில், ஊசியே பெறாத இந்தியக் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 11 இலட்சமாகக் குறைந்ததில் அவர்களின் கால்தேய்ச்சல் இருக்கிறது.

தாய்மார்கள் தங்கள் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பார்ப்பது நல்லது. தட்டம்மை–ரூபெல்லா ஊசி ஒன்பது மாதம் நிறைந்ததும் முதல் தவணையாகவும், பதினாறு முதல் இருபத்து நான்கு மாதங்களுக்குள் இரண்டாம் தவணையாகவும் போடப்பட்டிருக்க வேண்டும். தவறியிருந்தால் ஐந்து வயது நிறையும் வரை அரசு சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிப் போட்டுக்கொள்ளலாம். அட்டை தொலைந்துவிட்டதே என்று தயங்க வேண்டியதில்லை. நிலையத்தின் பதிவேட்டில் பார்ப்பார்கள். அதிலும் கிடைக்காமல், முன்பே போட்ட பிள்ளைக்கு மறுபடி ஒருமுறை போட நேர்ந்தாலும் அதனால் தீங்கு எதுவும் இல்லை.