ஆறு ஸ்பீக்கர் இருந்தும் வசனம் கேட்கவில்லையா? 5.1 செட் வாங்கும் முன் செஞ்சியிலிருந்து ஒரு பாடம்!

படத்தில் மழை கொட்டுகிறது. இடி இடிக்கிறது. பின்னணி இசை கூடம் முழுக்க நிறைகிறது. ஆனால், கதாநாயகனின் அம்மா கடைசியாக என்ன சொன்னார் என்பது மட்டும் யாருக்கும் கேட்கவில்லை. "என்னடா சொன்னா?" என்று பாட்டி கேட்கிறார். வால்யூமைக் கூட்டினால், அடுத்த காட்சியில் வெடிக்கும் குண்டு ஜன்னல் கண்ணாடியை அதிரவைக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் புதிதாக 5.1 ஸ்பீக்கர் செட் வந்து இறங்கிய வீடுகளில் அடிக்கடி நடக்கும் காட்சி இது.

செட்டில் கோளாறு இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பும் தேவையில்லை, அரை மணி நேரம் போதும். பெரிய நகரமாக இருந்தால் ஷோரூமில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாங்கலாம். செஞ்சி மாதிரியான ஊர்களில் அந்த வசதி அபூர்வம். திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை, புதுச்சேரி என்று பஸ் ஏற வேண்டும். இல்லையென்றால் ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டு, பெட்டி வந்த பிறகு, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். எதைச் சோதிப்பது என்று தெரிந்திருந்தால்தான் காசு தப்பும்.

கூத்துக்களத்தில் இருக்கும் சரவுண்ட்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளை வளைத்து நிற்கும் செஞ்சிக்கோட்டை, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. மராட்டியர்களின் ராணுவக் கோட்டைகள் என்ற வரிசையில் தேர்வான 12 கோட்டைகளில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். செஞ்சி வட்டாரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. திரௌபதி அம்மன் வழிபாட்டுக்கும், அதையொட்டி விடிய விடிய நடக்கும் தெருக்கூத்துக்கும் பேர்போன மண் இது. பக்கத்தில் இருக்கும் மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயில் அந்த வழிபாட்டின் முக்கியமான மையம்.

கூத்துப் பார்த்தவர்களுக்கு சரவுண்ட் சவுண்டை விளக்குவது சுலபம். களத்தில் கூத்தாடியின் குரல் முன்னாலிருந்து வருகிறது. அவருக்குப் பின்னால் மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் தாளமும். பக்கவாட்டில் குழந்தை அழுகிறது. முதுகுக்குப் பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டாலும் எது எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். காரணம், நம் இரண்டு காதுகள். வலப்பக்கம் எழும் சத்தம் வலது காதுக்கு ஒரு கணம் முன்னால் வந்துவிடும். அந்த வித்தியாசம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தத் துளியை வைத்தே மூளை திசையைக் கணக்குப் போடுகிறது.

இதைத்தான் 5.1 செட் பெட்டிகளை வைத்துச் செய்யப் பார்க்கிறது. முன்னால் இடம், வலம், நடு என மூன்று. கேட்பவரின் பக்கவாட்டில், சற்றே பின்தள்ளி இரண்டு. ஆக ஐந்து. அந்தப் '.1' என்பது தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர். இதில் நடு ஸ்பீக்கரை மறந்துவிடாதீர்கள். சினிமாவில் வசனத்தின் பெரும்பகுதி அதில்தான் வருகிறது. கூத்தாடியின் குரல் அதுதான்!

தமிழ் ரசிகர்களுக்கு இது புதிதல்ல. 1978-ல் வந்த 'ப்ரியா' பாடல்கள் ஸ்டீரியோ பதிவுக்காகப் பேசப்பட்டன. 1995-ல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியோடும், 1996-ல் 'கருப்பு ரோஜா' டிடிஎஸ் ஒலியோடும் வந்தன. 2012 இறுதியில் 'சிவாஜி' படத்தின் 3டி பதிப்பு அட்மாஸ் வரை போனது. தியேட்டரில் கேட்டுப் பழகிய காதுதான் வீட்டிலும் அதே சுகத்தைத் தேடுகிறது.

முதல் சோதனை: ஆறு பெட்டியும் தனித்தனியாகப் பேசுகிறதா?

ஆறு பெட்டி இருப்பதாலேயே அது சரவுண்ட் ஆகிவிடாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒலி போக வேண்டும். செட்டின் பின்பக்கம் பாருங்கள். சிவப்பு, வெள்ளை என்று ஒரே ஒரு ஜோடி இன்புட்டோ, ஒற்றை 'ஆக்ஸ்' துளையோ மட்டும் இருந்தால், உள்ளே போவது இரண்டு சேனல்தான். அந்த இரண்டையே செட் எல்லாப் பெட்டிகளுக்கும் பங்கு போட்டுத் தரும். புளூடூத்தில் இணைத்தாலும் பொதுவாக இதே கதைதான். சத்தம் நாலா பக்கமும் வரும், திசை வராது.

உண்மையான 5.1 வேண்டுமென்றால் மூன்று வழிகள். ஒன்று, கம்ப்யூட்டரின் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு துளைகளிலிருந்து செட்டுக்கு மூன்று வயர்கள். பச்சை முன் ஸ்பீக்கர்களுக்கு, கறுப்பு பின் ஸ்பீக்கர்களுக்கு, ஆரஞ்சு நடு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும். இரண்டு, ஆப்டிகல் அல்லது ஹெச்டிஎம்ஐ இன்புட்டோடு டால்பி, டிடிஎஸ் டீகோடர் உள்ள செட். மூன்று, ஒற்றை ஹெட்போன் துளை மட்டும் உள்ள லேப்டாப் என்றால், ஆறு சேனல் தரும் யுஎஸ்பி சவுண்ட் கார்டு. இந்தச் செலவையும் செட்டின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் சரிபார்ப்பது எளிது. கன்ட்ரோல் பேனலில் 'சவுண்ட்' பகுதிக்குப் போய், 'பிளேபேக்' பட்டியலில் உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து 'கான்ஃபிகர்' அழுத்துங்கள். அங்கே '5.1 சரவுண்ட்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து 'டெஸ்ட்' கொடுங்கள். ஒவ்வொரு பெட்டியும் தன் முறை வரும்போது மட்டும் ஒலிக்க வேண்டும். பட்டியலில் 5.1 என்பதே இல்லையென்றால், அந்த இணைப்பில் கம்ப்யூட்டர் ஆறு சேனல் தரவில்லை என்று அர்த்தம்.

பாட்டியின் கேள்விக்கும் விடை பல நேரம் இந்த இடத்தில்தான் கிடைக்கிறது. கம்ப்யூட்டர் 5.1 என்று நினைத்து நடு ஸ்பீக்கருக்கு வசனத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். ஆனால், ஆரஞ்சு வயர் செருகப்பட்டிருக்காது. வசனம் எங்கும் போய்ச் சேராது. இசை மட்டும் கேட்கும். வயரைச் செருகுங்கள். நடு ஸ்பீக்கரே இல்லாத வீட்டில் செட்டிங்கை 'ஸ்டீரியோ' என்று மாற்றுங்கள். வசனம் திரும்பி வந்துவிடும்.

இரண்டாவது சோதனை: பழைய பாட்டு

எம்.எஸ்.விஸ்வநாதன் காலத்து மோனோ பதிவு ஒன்றை ஓடவிட்டு, முன் ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் சம தூரத்தில் உட்காருங்கள். குரல் நேர் எதிரே, நட்ட நடுவில் நின்று பாட வேண்டும். முதுகுப் பக்கத்திலிருந்தும் அதே பலத்தில் பாடினால், செட் ஒரே ஒலியை நகல் எடுத்து எல்லாப் பெட்டியிலும் ஊற்றுகிறது. குரல் எங்கே நிற்கிறது என்றே பிடிபடவில்லை என்றால், முன் ஸ்பீக்கர் ஒன்றின் வயரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கலாம். மாற்றிப் போட்டுக் கேளுங்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். மோனோவிலும் ஸ்டீரியோவிலும் பதிவானதை எந்த செட்டும் உண்மையான 5.1 ஆக்கிவிட முடியாது. பிரவுசரில் பார்க்கும் பல வீடியோக்களுக்கும், போனில் எடுத்த கூத்து வீடியோவுக்கும் இரண்டு சேனல்தான். வீட்டில் ஓடுவதில் பெரும்பங்கு பழைய பாட்டும் யூடியூபும் என்றால், ஆறு சுமாரான பெட்டிகளைவிட இரண்டு நல்ல பெட்டிகள் மேல்.

வாட்ஸ் கணக்கில் ஏமாறாதீர்கள்

அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் 'பிஎம்பிஓ' வாட்ஸ் போட்டிருந்தால் கண்டுகொள்ள வேண்டாம். அதற்கு ஒழுங்கான அளவுகோல் கிடையாது. பார்க்க வேண்டியது 'ஆர்எம்எஸ்' வாட்ஸ். அதிலும் சந்தேகம் வந்தால், செட்டின் பின்னால் ஒட்டியிருக்கும் மின்சார லேபிளைப் படியுங்கள். சுவரிலிருந்து 60 வாட்ஸ் இழுக்கும் செட், 1,000 வாட்ஸ் ஒலியைத் தொடர்ந்து தர முடியாது.

வாட்ஸை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாகும் என்பதும் தப்புக்கணக்கு. கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 40-க்கும் 60-க்கும் நடுவே மண்டையைக் குடைந்துகொள்ளாமல், குரல் தெளிவாக இருக்கிறதா என்று கேளுங்கள்.

அறைதான் ஏழாவது ஸ்பீக்கர்

கல் மண்டபத்தில் கைதட்டிப் பார்த்தவர்களுக்குச் சுவர் என்ன செய்யும் என்று தெரியும். சத்தம் மோதித் திரும்பி வந்து, அடுத்த சத்தத்தோடு கலக்கிறது. வெறும் சுவரும் டைல்ஸ் தரையுமாக இருக்கும் நம் கான்கிரீட் அறைகளிலும் இதேதான் நடக்கிறது. வசனம் குழைவதற்கு இதுவும் ஒரு காரணம். கனமான திரைச்சீலை, துணி சோபா, தரையில் ஒரு ஜமக்காளம், புத்தக அலமாரி... இவை செய்யும் உதவியை எந்த பட்டனும் செய்யாது.

அடுத்து 'பூம்' சத்தம். 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி இரண்டு சுவர்களுக்கு நடுவே சிக்கிப் பெருகும். சப்வூஃபரை மூலையில் தள்ளினால் இன்னும் மோசம். இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் நிறைந்த பாட்டைப் போடுங்கள். சுவரோரமாகக் குனிந்தபடி நடந்து கேளுங்கள். எந்த இடத்தில் முழக்கம் அடங்கி, தாளம் சீராகக் கேட்கிறதோ, அங்கே சப்வூஃபரை வையுங்கள்.

மற்ற பெட்டிகளுக்கும் இடக்கணக்கு இருக்கிறது. முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் நீங்களும் சேர்ந்து ஒரு சமபக்க முக்கோணம். நடு ஸ்பீக்கர் மானிட்டருக்கு நேர் கீழே, காதை நோக்கிச் சற்றே நிமிர்ந்தபடி. சரவுண்ட் ஸ்பீக்கர்கள் தோளுக்கு நேர் பக்கத்திலிருந்து கொஞ்சம் பின்னால். மேசை சுவரோடு ஒட்டி, நாற்காலியும் பின்சுவரோடு ஒட்டிக் கிடக்கும் சின்ன அறையில் இதற்கு இடமே இருக்காது. அப்படியானால் 5.1 ஆசையை இப்போதைக்கு ஒத்திப்போடுவது புத்திசாலித்தனம்.

காதையும் அக்கம்பக்கத்தையும் பாருங்கள்

பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்றால் அதே 40 மணி நேரம். இதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான எல்லை. குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதி. சப்வூஃபரின் அதிர்வு சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கட்டில் வரை போகும் என்பதை மறக்க வேண்டாம்.

இரவில் படம் பார்க்கும்போது மொத்த வால்யூமை ஏற்றாமல், நடு ஸ்பீக்கரை மட்டும் இரண்டு மூன்று புள்ளி கூட்டி, சப்வூஃபரைக் குறையுங்கள். 'நைட் மோட்' இருந்தால் போட்டுவிடுங்கள். குண்டு சத்தம் அடங்கும், பேச்சு மேலே வரும். இப்படித் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி ரிமோட்டில் இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. காது மந்தமான பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இந்த ஒரு வசதி, நூறு வாட்ஸைவிடப் பெரிது.

கடைசியாக இரண்டு விஷயங்கள். பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமை முழுதாக ஏற்றுங்கள். 'உம்ம்' என்ற இரைச்சல் பலமாக வந்தால் வயரிலோ எர்த்திலோ கோளாறு இருக்கலாம். கெடு முடிவதற்குள் சரிபாருங்கள், அல்லது திருப்பி அனுப்புங்கள். இடி மின்னல் நாட்களில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும், வீட்டில் மூத்தவரை நடு நாற்காலியில் உட்காரவைத்து, வசனம் நிறைந்த ஒரு காட்சியை அளவான சத்தத்தில் ஓடவிடுங்கள். "என்னடா சொன்னா?" என்று கேட்காமல் அவர் படத்தோடு ஒன்றிப்போனால், உங்கள் செட் பாஸ்!