பால் பல் சொல்லும் சேதி

குழந்தைக்குப் பால் பல் விழுந்தால் என்ன செய்வோம்? கூரைமேல் வீசிவிட்டு, புதுப் பல் எப்போது முளைக்கும் என்று காத்திருப்போம். அந்தச் சின்னஞ்சிறு பல்லுக்குள் ஒரு டைரியே எழுதப்பட்டிருக்கிறது என்றால் நம்புவீர்களா?

மரத்தின் வயதை அதன் வளையங்கள் காட்டுகின்றன அல்லவா? பால் பல்லும் அப்படித்தான். சிசு தாயின் வயிற்றில் இருக்கும்போதே அது அடுக்கடுக்காக உருவாகத் தொடங்கிவிடுகிறது. பிறந்த வேளைக்கென்று தனியாக ஒரு கோடுகூட விழுகிறது! அந்தந்தச் சமயத்தில் உடலில் சேர்ந்த துத்தநாகம், மாங்கனீஸ், ஈயம் எல்லாம் அந்தந்த அடுக்கில் பதிந்துவிடுகின்றன.

நியூயார்க்கிலுள்ள மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மனீஷ் அரோராவும் அவருடைய சகாக்களும், ஸ்வீடன் தேசத்து இரட்டைக் குழந்தைகளின் பால் பற்களை ஆராய்ந்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்கு ஆட்டிசம் உண்டு, மற்றவருக்கு இல்லை என்ற ஜோடிகளும் அவர்களில் இருந்தார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தையின் பல்லில், பிறப்பை ஒட்டிய சில காலகட்டங்களில், ஈயம் அதிகம். துத்தநாகமும் மாங்கனீஸும் குறைவு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இருவரும் ஒரே வயிற்றில் ஒரே சமயத்தில் வளர்ந்தவர்கள். தாய் உண்டதும் ஒன்றேதான். ஆகவே, தாயின் சாப்பாட்டைக் கொண்டு மட்டும் இதை விளக்கிவிட முடியாது. தாதுக்களை அந்தக் குழந்தையின் உடல் ஏற்கும் விதமே வேறாக இருக்கலாம். "கர்ப்பமாயிருந்தபோது நீ சரியாகச் சாப்பிடவில்லை" என்று மருமகளைக் குற்றம் சொல்லும் மாமியார்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும்!

அப்படியானால் துத்தநாக மாத்திரை கொடுத்தால் குணமாகிவிடுமா என்கிறீர்களா? ஆகாது. குறைவு இருப்பது வேறு. அதுவே காரணம் என்பது வேறு. இந்தக் குழந்தைகளில் பலர் இரண்டு மூன்று பண்டங்களைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள்; அதனாலும் தாதுக்கள் குறையலாம். துத்தநாகம் அளவு மீறினாலோ, உடம்பில் செம்புச் சத்து குறைந்து ரத்த சோகை வரக்கூடும்.

இதைவிடப் பெரிய அபாயமும் உண்டு. உடலிலுள்ள உலோக விஷத்தை வெளியேற்றுகிறோம் என்று சொல்லி, ஆட்டிசத்துக்கு 'கீலேஷன்' சிகிச்சை செய்தவர்கள் உண்டு. 2005-ல் அமெரிக்காவில், பென்ஸில்வேனியா மாகாணத்தில், அந்த மருந்து ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனின் ரத்தத்திலிருந்த கால்ஷியத்தைக் குறைத்து, அவன் உயிரையே பறித்துவிட்டது.

ஆகவே, தாய்மார்களே, குழந்தையின் தலைமயிரைக் கத்தரித்து அனுப்பி, வருகிற சீட்டைப் பார்த்து மருந்து வாங்க வேண்டாம். குழந்தை மண், சுவரிலிருந்து உதிரும் பெயிண்டு இவற்றைத் தின்றால், குழந்தை வைத்தியரிடம் சொல்லி, ரத்தத்தில் ஈயமும் இரும்புச் சத்தும் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். இரவில் சரியாகத் தூங்காத குழந்தைக்கும் இரும்புச் சத்தைப் பார்ப்பது நல்லது. குறைவு இருந்தால் சரி செய்யலாம், உடம்பு தேறும். ஆனால் ஆட்டிசம் மாத்திரையால் மாறுவதல்ல. அதற்கு வேண்டியது தகுந்த பயிற்சியும், வீட்டாரின் பொறுமையும்தான்.