படத்துல விழுந்த அந்த வெளிச்சம்: நெய்வேலியா, விண்வெளித் தூசியா?

இன்னிக்கு ஒரு சின்ன துப்பறியும் வேலை.

மார்ச் மாசம், அமாவாசையை ஒட்டின ஒரு நாள், ராத்திரி ஏழரை மணி. சிதம்பரத்துக்கு மேற்கே வயல்வெளியில போனை ஸ்டாண்டுல மாட்டி, 20 செகண்ட் எக்ஸ்போஷர்ல மேற்கு வானத்தை எடுக்குறீங்க. கண்ணுக்குச் சரியா தெரியாத ஒரு மங்கலான வெளிச்சம் படத்துல விழுந்திருக்கு. இன்ஸ்டால போட்டதும் ஒருத்தர் ‘பால்வெளி ப்ரோ’ங்கிறார். இன்னொருத்தர் ‘நெய்வேலி லைட்டு’ங்கிறார். மூணாவது ஆள் ஏலியன் வரைக்கும் போயிடுறார். எது சரின்னு கண்டுபிடிக்க மூணு சோதனை போதும்.

முதல் சோதனை, லென்ஸ். பக்கத்துல இருக்குற தெருவிளக்கோட ஒளி லென்ஸுக்குள்ளேயே பட்டுத் திரும்பி, படத்துல ஒரு போலி வெளிச்சத்தை உண்டாக்கும். கேமராவைக் கொஞ்சம் திருப்பி மறுபடி எடுங்க. நட்சத்திரங்களை விட்டுட்டு வெளிச்சம் மட்டும் வேற இடத்துக்குத் தாவினா, குற்றவாளி லென்ஸ்தான்.

ரெண்டாவது, இடம். கடலூர்ல இருக்குற நண்பரை, ஊருக்கு வெளியே போய் அதே நேரத்துல எடுக்கச் சொல்லுங்க. நெய்வேலி, சிதம்பரத்துக்கு வடமேற்கே இருக்கு, கடலூருக்குத் தென்மேற்கே. சுரங்கம், அனல்மின் நிலையம், நகரியம்னு ராத்திரி முழுக்க அங்க எரியுற விளக்குகள் அடிவானத்துல ஒரு குடை மாதிரி தெரியும். ஆக, ரெண்டு ஊர்லேருந்தும் திசை மாறினா அது தரையில இருக்குற வெளிச்சம். வானத்துல இருக்குறதுக்கு இந்த 40 கிலோமீட்டர் எல்லாம் ஒரு தூரமே இல்ல. ரெண்டு படத்துலயும் ஒரே நட்சத்திரங்களுக்கு நடுவுலதான் இருக்கும்.

மூணாவது, நேரம். ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி எடுங்க. ஊர் வெளிச்சம் அங்கேயே நிக்கும். வானத்தோடது, நட்சத்திரங்களோட சேர்ந்து 15 டிகிரி சாஞ்சிருக்கும். சில நிமிஷத்துல நகர்ந்து மறைஞ்சிட்டா, ராக்கெட்டான்னு பாருங்க. 2022 டிசம்பர் 15 சாயங்காலம் மேற்கு வங்கத்துல மக்கள் வியந்து பார்த்த மர்ம ஒளி ஞாபகம் இருக்கா? அன்னிக்குத்தான் ஒடிசா கடற்கரையிலேருந்து அக்னி-5 ஏவுகணையைச் சோதிச்சாங்க.

சரி, மூணு சோதனையும் தாண்டிட்டு, கூம்பு வடிவத்துல கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை நோக்கி மேல போகுதா? வாழ்த்துகள்! அது ராசி மண்டல ஒளி. கோள்கள் சுத்துற தளத்துல பரவிக் கிடக்குற நுண்ணிய தூசி மேல சூரிய ஒளி பட்டுச் சிதறுறதுதான் அப்படித் தெரியுது. குயீன் இசைக்குழுவோட கிடார் கலைஞர் பிரையன் மே, 2007-ல முனைவர் பட்டம் வாங்கினது இந்தத் தூசியை ஆராய்ஞ்சுதான்.

நெய்வேலின்னு முடிவானாலும் அந்தப் படத்தை அழிச்சிடாதீங்க. அந்தக் கூம்பு ரொம்ப மங்கலானது. ஊர் வெளிச்சம் கொஞ்சம் கூடினாலே காணாம போயிடும். நம்ம ஊர் விளக்குகள் எதையெல்லாம் மறைக்குதுங்கிறதுக்கு உங்க படமும் ஒரு சாட்சி.