வீரம்பட்டினத்தில் வியட்நாம் அகராதி! தெரியுமா?

பாகூரிலிருந்து கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வழியாகப் புதுச்சேரிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் எத்தனை முறை அரியாங்குப்பத்தைத் தாண்டியிருப்பார்கள்! அங்கிருந்து கிழக்கே, வீரம்பட்டினத்துப் பக்கம், ஆற்றங்கரைத் தோப்புக்குள் இருக்கிறது அரிக்கமேடு. ரோமாபுரியிலிருந்து ஒயின் சாடிகள் வந்து இறங்கிய இடம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். சரி, அங்கே தரைக்கு மேலே இன்னும் நிற்கிறதே செங்கல் சுவர், அதைக் கட்டியது யார், தெரியுமா? வருகிறவர்களில் பலர் அதையும் ரோமானியர் கணக்கில் சேர்த்து, ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ரோமானியரும் இல்லை, சோழரும் இல்லை. 1770களில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் நடத்திய குருமடம் அது! படித்தவர்கள்? சயாம், சீனா, வியட்நாம் பையன்கள்!

பாகூர் வட்டாரத்துக்கு வெளியூர் மாணவர்கள் புதிதில்லைதான். பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, 9ஆம் நூற்றாண்டிலேயே இங்கே ஒரு கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் எழுதிவைக்கப்பட்டதைச் சொல்கிறது. ஆனால் சயாமிலிருந்து பிள்ளைகள் வந்து இங்கே லத்தீன் படித்த கதை அதைவிட விசித்திரம். அந்தக் குருமடம் முதலில் இருந்தது சயாமின் தலைநகர் அயுத்தயாவில். பர்மியர் படையெடுத்து வந்ததும் 1765இல் அங்கிருந்து ஓட்டம். கம்போடியக் கரையோரம் ஹாதியென் பக்கத்தில் மறுபடி கூரை போட்டார்கள். 1769 கடைசியில் அங்கும் கொள்ளையர் புகுந்து தீ வைத்தார்கள். உயிர் பிழைத்தவர்கள் மலாக்கா வழியாகக் கப்பலேறி 1770இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார்கள். ஒதுங்க இடம் கொடுத்தது வீரம்பட்டினம். பிள்ளைகள் லத்தீன் இலக்கணம் உருப்போட்ட தரைக்குக் கீழே ரோமானியப் பானை ஓடுகள் புதைந்து கிடந்தன! 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய பிறகுதான் அவற்றின் வயது உறுதியானது.

அவர்களைக் கூட்டிவந்தவர் பியேர் பிஞ்ஞோ தெ பெஹேன். வட பிரான்சின் ஒரிஞி என்ற சிற்றூரில் 1741இல் பிறந்தவர். வேதம் போதிக்கக் கடல் கடக்கப்போகிறேன் என்று பெற்றோரிடம்கூடச் சொல்லாமல் 1765இல் கிளம்பிவிட்டார். ஹாதியெனில் ஓர் அரசியல் சந்தேகத்தில் பிடித்து, கழுத்தில் கனத்த மரச்சட்டம் மாட்டிச் சிறையில் போட்டார்கள். வெளியே வந்தவர் மறுபடி பாடம் எடுக்கப் போனார்! 1771இல் ஆயராக நியமனம். அப்போது முப்பது வயதுகூட முடியவில்லை. ஆயர் பட்டம் சூட்டியது எங்கே? பாரிசிலா, ரோமிலா? சென்னை சாந்தோமில், 1774 பிப்ரவரி 24 அன்று!

அதற்கு முன்பு வீரம்பட்டினத்தில் அவர் செய்து முடித்த வேலை ஒன்று உண்டு. கூட இருந்த வியட்நாமியரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, 1773க்குள் ஒரு வியட்நாம்–லத்தீன் அகராதியைக் கையாலேயே எழுதி முடித்தார். சீன எழுத்தைப் போலிருக்கும் பழைய நோம் எழுத்து, பக்கத்தில் அதே சொல் லத்தீன் எழுத்தில், அதை அடுத்து லத்தீன் பொருள். மீன் காயும் கரையில் உட்கார்ந்து இப்படிப் பக்கம் பக்கமாக! பெருமையில் பாதி சொல் சொல்லாக உச்சரித்துக் காட்டிய அந்த வியட்நாமியருக்குச் சேர வேண்டும்.  

இனி வருவது சினிமாக்காரர்களே எழுதத் தயங்கும் கதை. வியட்நாமில் அரசு இழந்து காட்டில் ஒளிந்து திரிந்த நுயென் ஆஞ் என்ற இளைஞனோடு ஆயருக்கு நட்பு. உதவி கேட்க அவன் தன் மகன் காஞ்சையே ஆயர் கையில் ஒப்படைத்தான். 1785 பிப்ரவரியில் புதுச்சேரியில் வந்து இறங்கிய அந்த இளவரசனுக்கு ஐந்து வயதுகூட முடியவில்லை! இங்கிருந்த அதிகாரிகள் கையை விரித்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்துவிட்டு, பிள்ளையோடு நேரே வெர்சாய் அரண்மனை! பதினாறாம் லூயியின் சபையில் குட்டி இளவரசனைச் சுற்றிக் கூட்டம். அரண்மனைச் சீமாட்டிகளின் தலைக்கட்டு ஒன்றுக்கே அவன் பெயர் வைத்தார்களாம். தலைப்பாகையோடு அவனை வரைந்த 1787ஆம் வருஷத்து ஓவியம் இன்றும் பாரிசில் இருக்கிறது. அந்த நவம்பர் 28ஆம் தேதி ஒப்பந்தமும் கையெழுத்தானது: 4 போர்க்கப்பல், 1,650 வீரர்கள்!

வந்ததா படை? வரவில்லை. புதுச்சேரியில் அப்போது கவர்னர் தாமஸ் கான்வே, அயர்லாந்துக்காரர். அமெரிக்கப் புரட்சியில் ஜார்ஜ் வாஷிங்டனைத் தளபதிப் பதவியிலிருந்து இறக்கப் பார்த்த சதிக்குப் பெயர் கொடுத்தாரே, அதே கான்வே! படை அனுப்புவதும் அனுப்பாததும் உம் இஷ்டம் என்று பாரிசிலிருந்து அவருக்கு ரகசிய உத்தரவு வேறு. அவர் அசையவே இல்லை. ஆயர் தாமே பணம் திரட்டி, கப்பலும் ஆளும் சேர்த்து, 1789இல் புதுச்சேரியிலிருந்து கிளம்பினார். பாரிசில் புரட்சி வெடித்ததும் அதே வருஷம்தான்.

நுயென் ஆஞ் 1802இல் ஜியா லோங் என்ற பெயரில் பேரரசரானார். வியட்நாமின் கடைசி அரசமரபு அவருடையது. இதைப் பார்க்க ஆயர் இல்லை. 1799 அக்டோபரில், ஒரு முற்றுகைக் களத்தில், வயிற்றுக்கடுப்பில் போய்விட்டார். காஞ்சும் 1801இல் அம்மை கண்டு இறந்தான். அடுத்துப் பட்டத்துக்கு வந்த அவன் தம்பி மிஞ் மாங் என்ன செய்தார்? கிறிஸ்தவர்களைத் தேடித்தேடித் தண்டித்தார்! துப்பாக்கியையும் வேதத்தையும் ஒரே கப்பலில் ஏற்றினால் இப்படியும் கணக்கு வரும். 1858இல் பிரெஞ்சுப் படை வியட்நாமைத் தாக்கியபோது, நிறைவேறாத அந்த வெர்சாய் ஒப்பந்தத்தை உரிமைச் சீட்டாக நீட்டியதையும் மறைக்க முடியாது. சைகோன் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன பிறகு நம் புதுச்சேரி, காரைக்கால் ஆட்களும் வேலை தேடி அங்கே போனார்கள். அது தனிக் கதை.

சைகோனில் 1902இல் ஆயருக்கு வெண்கலச் சிலை, பக்கத்தில் குட்டி இளவரசனோடு. 1945இல் அகற்றிவிட்டார்கள். அங்கிருந்த பெரிய கல்லறையும் 1983இல் போனது. அஸ்தி பாரிசுக்குத் திரும்பியது. வில்லியனூர் லூர்து மாதா திருவிழாவுக்குத் திரளும் நம் ஜனங்களில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்? வீரம்பட்டினத்துக்கு ஊர் உலகம் திரண்டு வருவது ஆடி மாதத்தில், செங்கழுநீரம்மன் தேருக்கு. கவர்னர் வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம். இன்றும் துணைநிலை ஆளுநர் வருகிறார். தேர் பார்க்கப் போகிறவர்கள் அப்படியே அரிக்கமேட்டுச் சுவரையும் பார்த்துவிட்டு வரலாம்.

குருமடத்தின் வாரிசு மட்டும் பினாங்கில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வேர் பிடித்து நிலைத்துவிட்டது. அந்த அகராதி? அறுபது வருஷத்துக்கு மேல் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. பிறகு தபேர் என்ற இன்னொரு பிரெஞ்சு ஆயர், மிஞ் மாங்கின் கெடுபிடிக்குத் தப்பி வங்காளத்துக்கு வந்தவர், அதைத் திருத்தி விரித்து 1838இல் அச்சேற்றினார். எங்கே தெரியுமா? செராம்பூரில்! கத்தோலிக்க ஆயர் எழுதியதைக் கத்தோலிக்க ஆயர் திருத்த, அச்சடித்துக் கொடுத்த ஊரோ பாப்டிஸ்ட் பாதிரி வில்லியம் கேரியின் ஊர். அதுவும் அன்றைக்கு டென்மார்க் ராஜாவுக்குச் சொந்தம்!